புங்கஞ்சருகுப் போர்வை

வெறும் தரையைப் பார்த்தால் அந்த அம்மாவுக்குப் பொறுக்காது. நம்மோடு நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கால் தன் பாட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் நாலு சருகை இழுத்து வந்து, மண் தெரிகிற இடத்தில் பரப்பிக்கொண்டிருக்கும். பேச்சு முடிந்து நாம் கிளம்பும்போது அவர் நின்ற இடத்தைச் சுற்றிச் சின்னப் பாய் விரித்ததுபோல இருக்கும். சிலருக்கு நகம் கடிக்கிற பழக்கம் உண்டு, சிலர் மீசையை முறுக்குவார்கள். இவருக்கு இது.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக் கூலி லைனில் அவரைச் சருகுக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பெயரைக் கம்பெனிப் பதிவேட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். குள்ளமான உருவம், ஐம்பது வயது இருக்கும், தலைமுடியில் எப்போதும் ஒரு இலைத்துணுக்கு சிக்கியிருக்கும். ஊர் குடியாத்தம் பக்கம். புருஷன் ஒரு நாள் ஷிஃப்டுக்குச் சுரங்கத்து ஷாஃப்டில் இறங்கினவர், ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் மேலே வந்தபோது அதில் அவர் இல்லை. அதற்குப் பிறகு, துரைமார் பங்களாக்களின் தோட்டத்தைக் கூட்டுகிறவரைக்கும் லைனில் அந்தத் தட்டி வீடு அவருக்கு என்று கம்பெனி விட்டுவைத்திருந்தது. வேலை போனால் வீடும் போகும். இதை அவர் என்னிடம் ஒருமுறைகூடக் குறையாகச் சொன்னதில்லை. அவர் குறைப்பட்டதெல்லாம் மண்ணைப் பற்றித்தான்.

மண்ணும் குறைப்படத் தக்கதாகத்தான் இருந்தது. பேத்தமங்களா ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வராத காலம் அது. வீட்டுக்கு இத்தனை குடம் என்று வண்டியில் வரும். மில்லில் கல்லை இடித்து மாவாக்கி வெளியே கொட்டிய வெள்ளைத் தூள், காற்றடித்தால் சோற்றுப் பானை வரைக்கும் வந்து உட்காரும். பச்சையாக எதையாவது பார்க்க வேண்டுமென்றால் ஒன்று துரைமார் பங்களாவுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் சருகுக்காரம்மா வீட்டுக்குப் பின்னால் போக வேண்டும். பத்தடி அகலம், இருபதடி நீளம் இருக்கும் அந்த இடம். கத்தரி, மிளகாய், முளைக்கீரை, தட்டியில் ஏறிய ஒரு பீர்க்கை. ஒரு குடம் தண்ணீரில் அத்தனையும் எப்படிப் பிழைத்தன என்று லைனே அதிசயப்பட்டது.

அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. பங்களாக்களில் கூட்டிய சருகை மற்றவர்கள் குழியில் போட்டுக் கொளுத்துவார்கள். இவர் கூடையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்து பாத்தியில் பரப்புவார். புகை இல்லாததால் துரைசாணிகளுக்கும் சந்தோஷம். பங்களாக்களுக்கு அவர் வைத்திருந்த பெயரெல்லாம் சருகுப் பெயர்தான். டாக்டர் துரை இருந்தது புங்கன் பங்களா, இன்ஜினியர் இருந்தது மூங்கில் பங்களா, இன்னொன்று தைல பங்களா. புங்கஞ்சருகு உசத்தி, கத்தரிக்கும் மிளகாய்க்கும் அதுதான். தைலமரத்து இலையைப் பாத்தியில் சேர்க்கவே மாட்டார், நடக்கிற வழியில் போடுவதோடு சரி. வெட்டிய புல்லை இரண்டு நாள் உலர்த்தாமல் போட்டால் சூடேறி நாறும் என்பார். முதலில் தண்ணீர், பிறகு சருகு. இதையெல்லாம் யாரும் கேட்டு அவர் சொல்லவில்லை. கேட்காமலே சொல்வார், காதில் வாங்காதவர்களிடமும் சொல்வார்.

காதில் பாதி வாங்கியவள் என் மனைவி. அவரைப் பார்த்து இவளும் எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஒரு கூடைச் சருகை அள்ளிக் கொட்டினாள். பத்தே நாளில் தண்டு அழுகிக் கன்று சாய்ந்தது. சருகுக்காரம்மா வந்து பார்த்தார், அடித்தண்டைச் சுற்றி விரலால் தோண்டினார். “போத்தச் சொன்னா கழுத்த நெரிச்சிட்டியே கண்ணு,” என்றார். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மறுவாரம் புதுக் கன்று ஒன்றை அவரே கொண்டுவந்து நட்டுவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஷிஃப்டுக்குப் போயிருந்த நேரத்தில் அவர்களுடைய வாசலையும் போர்த்திவிட்டார் என்று ஒரு தடவை சண்டை வந்தது. ஒன்றுமே நடாத இடத்தில் எதற்கு இது என்று அவர்கள் கத்தினார்கள். “நட்டாதான் போத்தணுமா? நடாத மண்ணுக்கு வெயில் சுடாதா?” என்று இவர் கேட்டார். அதற்குப் பதில் எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர்கள் சருகைத் தெருவில் தள்ளினார்கள், இவர் முணுமுணுக்காமல் திரும்ப அள்ளிக்கொண்டு போனார்.

இது மண்ணோடு நிற்கிற பழக்கம் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாராயக்கடையிலிருந்து வந்த ஒருவர் லைன் நடுவில் வேட்டி அவிழ்ந்து விழுந்து கிடந்தார். சுற்றிக் கூட்டம், ஒரே சிரிப்பு. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. சருகுக்காரம்மா கூடையோடு வந்தார். கூடைக்கு அடியில் மடித்து வைத்திருந்த கோணிச்சாக்கை எடுத்து அந்த மனிதர்மேல் போட்டார், நாலு மூலையையும் இழுத்துவிட்டார், தன் வழியே போய்விட்டார். அவரையும் திட்டவில்லை, எங்களையும் திட்டவில்லை. மறுநாள் அந்த மனிதர் வெட்கத்தோடு சாக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, எப்போதோ இரவல் கொடுத்ததைத் திரும்ப வாங்குவதுபோல வாங்கி வைத்துக்கொண்டாராம்.

நான் அப்போது சுகாதார ஆபீசில் கிளார்க். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ், வெளுத்த கோட்டு, டாக்டர் துரைக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நடக்கிற உத்தியோகம். லைன்காரர்கள் பேசுவதைத் துரைக்கு இங்கிலீஷிலும், துரை பேசுவதை அவர்களுக்குத் தமிழிலும் சொல்வது என் வேலை. அந்த நாளில் எனக்கு இருந்த தலைக்கனத்தை இறக்கியிருந்தால் எந்த ஷாஃப்டிலும் அடி வரைக்கும் போயிருக்கும்.

எங்கள் முதல் குழந்தை பிறந்த எட்டாம் மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அடக்கம் செய்து ஒரு வாரம் கழித்து நானும் என் மனைவியும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். குழந்தையின் மேட்டின்மேல் சருகு கிடந்தது. எவனோ என் பிள்ளைமேல் குப்பை கொட்டியிருக்கிறான் என்று காலாலேயே தள்ள ஆரம்பித்தேன். மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். காற்றில் பறக்காமல் இருக்கச் சுற்றிலும் சின்னச் சின்னக் கல் வைத்திருந்ததைக் காட்டினாள். குப்பை கொட்டுகிறவர்கள் கல் வைக்க மாட்டார்கள் என்றாள். சருகுக்குள் கையை விட்டாள். பக்கத்து மேடுகள் எல்லாம் வெயிலில் வெடித்துக் கிடக்க, அங்கே மட்டும் மண் குளிர்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்துச் சருகுக்காரம்மா இன்னொரு கூடையோடு வந்தார். எங்களைக் கண்டதும் தயங்கி நின்றார்.

“சின்ன மண்ணு, நைனா. வெயில்ல வெடிச்சிபூடும். அதான் போத்தினேன்,” என்றார்.

குழந்தை போன பிறகு என் மனைவி அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். அப்படிப்பட்டவருக்குத்தான் நான் இனிச் சொல்லப்போகிற காரியத்தைச் செய்தேன்.

அது லைனில் எலிகள் செத்து விழத் தொடங்கிய வருஷம். பிளேக் என்ற சொல்லைக் கேட்டதுமே ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு ஓடினார்கள். வீட்டைச் சுற்றிக் குப்பை கிடந்தால் எலி ஒதுங்கும், அதனால் எல்லாக் குப்பையையும் மூன்று நாளில் அள்ளிக் கொளுத்த வேண்டும், செய்யாதவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. சித்திரை வெயில். டாக்டர் துரையும் நானும் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்து, சருகுக்காரம்மாவின் பாத்திக்கு முன்னால் நின்றோம். துரை கைத்தடியால் சருகைக் காட்டி இது என்ன என்றார். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

“குப்பை போட்டுகீறேன் சாமி. மண்ணு அம்மணமா கெடக்கக் கூடாது. போத்திவுட்டா ஒரு கொடம் தண்ணி நாலு நாளு நிக்கும். எலி அண்டாம செவுத்தாண்ட ஒரு மொழம் வுட்டுகீறேன், பாருங்க,” என்றார்.

இதில் எனக்கு இரண்டு சிக்கல். அவர் ஊரில் நிலத்துக்குப் போடுகிற எருவுக்குப் பெயரே குப்பைதான். சாணமும் தழையும் மக்கி வண்டி வண்டியாக வயலுக்குப் போகும், குப்பை அடிக்கிறோம் என்பார்கள். எனக்கும் அது தெரியும், என் அப்பாவின் ஊரும் அந்தப் பக்கம்தான். ஆனால் குப்பைக்குப் பள்ளிக்கூடத்தில் நான் படித்த இங்கிலீஷ் வார்த்தை ஒன்றே ஒன்று, அது வீசி எறிகிற குப்பை. இரண்டாவது சிக்கல் அம்மணம். துரை முன்னால், ஒரு பொம்பளை சொன்னதாக, அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? என் காது சூடேறிவிட்டது. அதை விட்டேன். அதோடு ஒட்டிக்கொண்டிருந்த தண்ணீரையும் சுவரையும் எலியையும் சேர்த்து விட்டேன். குப்பை என்கிறாள் ஐயா, என்று இங்கிலீஷில் முடித்துவிட்டேன்.

அவளே ஒப்புக்கொள்கிறாளே, எழுதிக்கொள் என்றார் துரை. எழுதினேன். மூன்று நாள் கெடுவை அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

“நான் சொன்னத அப்பிடியே சொன்னியா, நைனா?”

“சொன்னேம்மா,” என்றேன்.

“சரி. அப்போ அவருக்கு மண்ணு தெரியல,” என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்தார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனபோது இதைச் சாதாரணச் செய்திபோல வீட்டில் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியை வைத்துவிட்டாள். அவர் சொன்னது என்ன, நான் துரையிடம் சொன்னது என்ன என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டாள். சொன்னேன்.

“நம்ம புள்ள மேலயும் குப்பைன்னுதான் கால வெச்சீங்க,” என்றாள்.

நான் சாப்பிடாமல் எழுந்தேன். உடனே போய்த் துரையிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. தப்பாகச் சொல்கிற கிளார்க்கை எந்தத் துரை வைத்துக்கொள்வார் என்று பயந்தேன். இரண்டு நாள் அந்தப் பயத்தோடு லைனில் சுற்றி வந்தேன். அந்த இரண்டு நாளும் கீரைப் பாத்தியிலிருந்த சருகைச் சருகுக்காரம்மா கூடை கூடையாகக் குழிக்குக் கொண்டுபோய்ப் போட்டார். குடிக்கிற தண்ணீரிலும் பாதியைக் கீரைக்கு ஊற்றினார். ஊற்றியது ஊற்றிய இடத்திலேயே உலர்ந்து, மண் ஓடு கட்டிப் பிளந்தது. கத்தரிப் பாத்திக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் துரையும் நானும் போனோம். வீட்டு வாசலில் பானையும் சட்டியும் ஒரு பழைய சேலையில் மூட்டையாகக் கட்டியிருந்தன. பின்பக்கம் பாதித் தோட்டத்தில் கீரை துவண்டு தரையோடு படுத்திருந்தது. மறுபாதியில் சருகு அப்படியே இருக்க, கத்தரி நிமிர்ந்து நின்று காய்த்திருந்தது. அந்த அம்மா துரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

“மீதிய நீங்களே ஆள வுட்டு எடுத்துக்குங்க சாமி. தொறந்து போடறது என் கையால ஆவாது,” என்றார்.

துரை என் பக்கம் திரும்பினார். அந்த மூட்டையை இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். நிறுத்தாமல் அடுத்ததையும் சொன்னேன். முந்தின தடவை நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் ஐயா, இவர் ஊரில் குப்பை என்றால் எரு, தண்ணீர் தங்கவும் எலி அண்டாமல் இருக்கவும் செய்ததை எல்லாம் அப்போதே சொன்னார், நான்தான் விட்டுவிட்டேன், ஒரு வார்த்தைக்கு வெட்கப்பட்டு விட்டுவிட்டேன் என்றேன். என்ன வார்த்தை என்றார். நேக்கட் என்றேன். மண் அம்மணமாகக் கிடக்கக் கூடாது என்கிறார் ஐயா, என்று பாதி லைனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

துரை சிரிக்கவில்லை. சுவரோரம் குனிந்து எலி வளையைத் தேடினார். சருகைத் தடியால் கிளறினார். இல்லை. பிறகு ஒரு காரியம் செய்தார். உள்ளங்கையை வெறும் மண்ணில் வைத்தார், சட்டென்று எடுத்தார். சருகை விலக்கி அந்தப் பக்கத்து மண்ணில் வைத்தார். அங்கே வைத்த கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. இந்தச் சருகெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். அந்த அம்மா புங்கன் பங்களாவிலிருந்து என்றார். உங்கள் வீட்டிலிருந்துதான் ஐயா, என்று நான் மாற்றிச் சொன்னதும்தான் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

சுவரிலிருந்து ஒரு முழம் போதாது, இரண்டு முழம் விட வேண்டும். கனம் நாலு விரலுக்கு மேல் போகக் கூடாது. அப்படியிருந்தால் சருகும் இருக்கலாம், அந்த அம்மாவும் இருக்கலாம் என்று முடிவாயிற்று. தெரியாத வார்த்தை வந்தால் தெரியாது என்று சொல், விழுங்காதே, என்று என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார். என் வேலை பிழைத்தது. நோட்டில் குப்பை என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு வார்த்தை எழுதச் சொன்னார். எனக்குத் தோன்றியது போர்வைதான். இன்ன நம்பர் வீடு, ஒரு போர்வை, அனுமதிக்கப்பட்டது என்று எழுதினேன்.

அதற்கும் ஒரு பலன் இருந்தது. பிளேக்குக்காகத் துணிமணிகளைக் கொப்பரையில் போட்டு அவிக்கிற ஆட்கள் மறுவாரம் அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டே வந்து, வீட்டில் ஒரு போர்வை இருக்கிறதாமே, எடும்மா, அவிக்கணும் என்று கேட்டார்களாம். சருகுக்காரம்மா அவர்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய்ப் பாத்தியைக் காட்டி, எந்த மூலையைப் பிடித்துத் தூக்குகிறீர்களோ தூக்குங்கள் என்றாராம். லைன் ஒரு மாதம் சிரித்தது.

அது பின்னால் நடந்தது. அன்றைக்குத் துரை போனதும் நான் கோட்டைக் கழற்றி வேலிக்குச்சியில் மாட்டினேன். புங்கன் பங்களாவுக்குப் போய், அங்கே கூட்டி வைத்திருந்த சருகை ஒரு கூடை நிறையச் சுமந்து வந்தேன். வழியில் தெரிந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டேன். நான் வந்து சேர்ந்தபோது மூட்டை அவிழ்ந்திருந்தது. அந்த அம்மா துவண்ட கீரைக்குக் குடத்திலிருந்து கை கையாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கூடையோடு அவர் பக்கத்தில் நின்றேன்.

“அன்னைக்கு அப்படியே சொன்னேன்னு நான் சொன்னது பொய்ம்மா,” என்றேன்.

“தெரியும் நைனா. நான் எம்மாம் பேசினேன், நீ நாலே வார்த்தையில முடிச்சிட்ட. எனக்கு இங்கிலீசு தெரியாது. எண்ணத் தெரியாதா?”

தெரிந்துமா பானை சட்டியை மூட்டை கட்டினீர்கள், துரை முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் பொய் அங்கேயே வெளியே வந்திருக்குமே, ஏன் கேட்கவில்லை என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஈர மண்ணைத் தட்டிச் சமன் செய்துகொண்டே பேசினார்.

“தொறந்து போடறது என் கையால ஆவாதுன்னு சொன்னேனே.”

பிறகு, இன்னும் வெறுமையாக இருந்த ஓர் இடத்தைக் கை நீட்டிக் காட்டினார். நான் அங்கே கூடையைக் கவிழ்த்தேன்.